பதிவேட்டில் மட்டும் இறங்கிய லைஃப்போட்

கேள்வி: நான் திருவொற்றியூரைச் சேர்ந்தவன். மொத்தச் சரக்கு ஏற்றும், 18 ஆண்டு வயதான ஒரு பல்க் கேரியரில், கேப்டனுக்கு அடுத்த நிலையான சீஃப் ஆஃபீசராக முதல் முறையாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இந்தோனேசியாவில் நங்கூரத்தில் நின்றபடி பார்ஜ் என்னும் தட்டைச் சரக்குப் படகுகளிலிருந்து நிலக்கரி ஏற்றி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறக்குவது எங்கள் ஓட்டம். அடுத்த முறை எண்ணூர் வரும்போது துறைமுக நாட்டு அரசு வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிக்கும் போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல் பரிசோதனை இருக்கும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். சென்ற பரிசோதனையில் 7 குறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. லைஃப்போட்டைத் தண்ணீரில் இறக்கி ஏழு மாதம் ஆகிறது. ஆனால் இரண்டு முறை இறக்கியதாகப் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்த பதிவை நான் எழுத வேண்டும். அவசரத் தீயணைப்பு பம்ப் சில நாள் நன்றாக ஓடுகிறது, சில நாள் தண்ணீரே எடுப்பதில்லை. அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களோ பெரும்பாலும் பெயின்ட்டைப் பற்றியே இருக்கின்றன. கேப்டன் நல்ல மனிதர். “எல்லாக் கப்பலிலும் இப்படித்தான்” என்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். இறக்காத லைஃப்போட்டை இறக்கியதாக எழுதாதீர்கள் என்பது முதல் வரி. பழைய பதிவுகளில் கைவைக்காதீர்கள், அடிக்கவோ திருத்தவோ வேண்டாம் என்பது இரண்டாவது. அவற்றுக்கான காரணங்களையும், கேட்டிருந்த மற்றவற்றையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

டேவிட் என்னும் தூக்குக் கைகளில் தொங்கும் லைஃப்போட் ஒவ்வொன்றையும், அதை இயக்க நியமிக்கப்பட்ட ஆட்களோடு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸின் மூன்றாம் அத்தியாயத்தின் 19ஆம் விதி. இது உங்களுக்குத் தெரியும். அதே விதியின் கடைசிப் பகுதியைப் பலர் படிப்பதில்லை. குறித்த காலத்தில் பயிற்சியை முழுமையாக நடத்த முடியாமல் போனால், என்ன காரணத்தால் முடியவில்லை, எந்த அளவுக்கு நடத்தினோம் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. அலை உயரமாக இருந்தது, துறைமுகம் அனுமதி தரவில்லை, படகை ஏறுதளம் வரை மட்டும் இறக்கி ஏற்றினோம் என்று எழுதுவதற்கு விதியே இடம் கொடுத்திருக்கிறது. உண்மையை எழுதச் சட்டம் ஒரு கட்டத்தைத் திறந்து வைத்திருக்கும்போது, பொய்யை எழுதி உங்கள் தகுதிச் சான்றிதழைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பதிவுகள் வரிசையாக நீண்டுகொண்டே போனால் அதுவும் குறைதான், பரிசோதகர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அது உபகரணத்தைப் பற்றிய கேள்வியாக நிற்கும். பதிவு பொய் என்று தெரிந்துவிட்டால், அந்தக் கணத்திலிருந்து கப்பலில் உள்ள எந்தக் காகிதத்தையும் அவர் நம்பமாட்டார். விரிவான பரிசோதனைக்கு வேண்டிய தெளிவான காரணம் அவர் கையில் வந்துவிடும்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். தேர்ட் ஆஃபீசராக இருந்த காலத்தில், லைஃப்போட் எஞ்சினை வாரம் ஒரு முறை மொத்தம் 3 நிமிடமாவது ஓட்ட வேண்டும் என்ற வேலை என்னுடையது. சரக்கு வேலை, வாட்ச் (முறைப்பணி), தூக்கமின்மை என்று நான்கைந்து வாரம் படகில் ஏறாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த துறைமுகத்தில் ஏறிய சர்வேயர் (கப்பல் பரிசோதகர்) வயதானவர், பொறுமையானவர். படகுக்குள் என்னோடு ஏறி உட்கார்ந்து, பித்தானை அழுத்தச் சொன்னார். ஒரு ‘டிக்’ சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது பேட்டரியிலும் அதே சத்தம். அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டைத் திறந்து, சென்ற சனிக்கிழமைக்கு நேரே விரலை வைத்து, “இது உங்கள் கையெழுத்துதானே?” என்று மட்டும் கேட்டார். என் பின்னால் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். அந்தப் படகில் 22 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ‘டிக்’ சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தை ஒத்திவைக்க முடியவில்லை.

இனி, படகை எங்கே, எப்போது இறக்குவது என்று பார்ப்போம். எண்ணூருக்கு வந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்துவிட்டால், வெளி நங்கூரத்தில் படகை இறக்குவது ஆளைக் கொல்லும் வேலை. பெர்த்தில் (கரைமேடையில்) கட்டியிருக்கும்போதோ ஒரு பக்கப் படகுக்கு இடமே இருக்காது, மறுபக்கத்துக்கும் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். உங்கள் ஓட்டத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி இந்தோனேசிய நங்கூரம்தான். பார்ஜ் ஒரு பக்கம் கட்டியிருக்க, மறுபக்கம் நாள்கணக்கில் காலியாக இருக்கும். நீரோட்டம் நின்று திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒரு படகு; பார்ஜ் மாறும் இடைவெளியில் மற்றொன்று. இறக்குவதற்கு முன்பு, சான்று பெற்ற சர்வீஸ் நிறுவனம் செய்ய வேண்டிய வருடாந்திரப் பரிசோதனையின் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2020 ஜனவரி 1 முதல் அந்தப் பரிசோதனை அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய சுமைச் சோதனையும், படகைத் தாங்கும் ஃபால் வயர்களை மாற்றிய தேதியும் அதே கோப்பில் இருக்க வேண்டும்.

இந்தப் பயிற்சியிலேயே மாலுமிகள் இறந்திருக்கிறார்கள். அதை மறக்காமல் இறக்குங்கள். முதலில் ஆளில்லாமல் தண்ணீர்மட்டம் வரை இறக்கி ஏற்றுங்கள். பிறகு படகை ஓட்டத் தேவையான குறைந்தபட்ச ஆட்களை மட்டும் ஏற்றுங்கள். திரும்ப மாட்டும்போது, முன்னும் பின்னும் கொக்கிகள் முழுமையாகப் பூட்டிக்கொண்டனவா என்பதை உள்ளே இருப்பவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். கைப்பிடி அதன் இடத்துக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மேலே தூக்கச் சொல்லாதீர்கள். தவறி விழாமல் தடுக்கும் பின்னோ பட்டையோ உங்கள் கப்பலில் இருந்தால், அதை எந்தக் கட்டத்தில் போடுவது, எப்போது எடுப்பது என்பதை டெக் மாலுமிகளின் தலைவரான போசனோடு உட்கார்ந்து முதல் நாளே பேசிவிடுங்கள்.

அடுத்தது அவசரத் தீயணைப்பு பம்ப். “சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடுவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாள் ஓடுகிறது, எந்த நாள் ஓடுவதில்லை என்பதைக் கப்பலின் டிராஃப்ட்டோடு, அதாவது அது தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் ஆழத்தோடு, சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நிலக்கரி நிறைந்து கப்பல் ஆழமாக அமிழ்ந்திருக்கும்போது கடல்மட்டம் பம்ப்புக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் தானாகவே பம்ப்பை நிரப்பிவிடும், பம்ப்பில் முதல் தண்ணீரை நிரப்பும் பிரைமிங் சாதனம் செத்துக் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. சரக்கு இறங்கிக் கப்பல் எழும்பும்போது பம்ப் கடல்மட்டத்துக்கு மேலே போகிறது. அப்போது அது தண்ணீரை உறிஞ்சி ஏற்ற வேண்டும். சக்ஷன் (உறிஞ்சும் பக்கத்து) வால்வின் கிளாண்ட் என்னும் அடைப்பிலோ குழாய் இணைப்பிலோ முடியளவு காற்று கசிந்தாலும் உறிஞ்சாது. உங்கள் கப்பலில் நடப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணூரில் சரக்கு இறங்க இறங்க டிராஃப்ட் நாளுக்கு நாள் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் நாள் பரிசோதகர் வந்தால் பம்ப் ஓடும். மூன்றாம் நாள் வந்தால் ஓடாது. கட்டிய அன்று சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

ஆகவே, இந்தோனேசியாவுக்குச் சரக்கில்லாமல் பேலஸ்ட் நீரோடு போகும் இந்தப் பயணமே உங்கள் சோதனைக்கூடம். சீஃப் இன்ஜினியரிடம் பேசி, சக்ஷன் வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் கிளாண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரெய்னர் வடிகட்டியைத் திறந்து சேற்றையும் சிப்பியையும் எடுங்கள். பிரைமிங் சாதனத்தைக் கழற்றிப் பாருங்கள். பிறகு, என்ஜின் அறையைத் தனிமைப்படுத்தும் வால்வை மூடிவிட்டு, முன்கோடியில் ஒரு ஹோஸ், தங்குமிடத்தின் உச்சியில் ஒரு ஹோஸ் என்று இரண்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். பரிசோதகர் பெரும்பாலும் கேட்பது இந்த இரண்டு தாரைகளைத்தான். டீசலில் ஓடும் பம்ப்பாக இருந்தால், அதன் டாங்க்கில் முழுச் சுமையில் 3 மணி நேரம் ஓடுவதற்கான எண்ணெய் இருக்க வேண்டும். கிளப்பும் முறையைப் பம்ப்பின் அருகிலேயே எழுதி ஒட்டுங்கள். ஃபிட்டர் ஒருவருக்கு மட்டுமே வசப்படும் பம்ப், அவர் தூங்கும்போதோ தீயில் சிக்கும்போதோ யாருக்கும் உதவாது. டெக் ஆட்களில் குறைந்தது நான்கு பேராவது தனியாகக் கிளப்பிக் காட்டும் வரை விடாதீர்கள்.

அலுவலகம் பெயின்ட்டைப் பற்றி எழுதுகிறது என்றீர்கள். துருப்பிடித்த கப்பலைவிடப் பராமரித்த கப்பல் பரிசோதகரின் மனத்தில் நல்ல எண்ணத்தை உண்டாக்கும் என்பது உண்மை; கேங்வே ஏணியில் கால்வைக்கும்போதே அவர் ஒரு முடிவுக்கு வரத் தொடங்கிவிடுவார். ஆனால் கடைசி வாரத்தில் அவசரமாக அடிக்கும் பெயின்ட் கெடுத்தவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் ஒரு முறை, புது வெள்ளைப் பெயின்ட்டில் மின்னிக்கொண்டிருந்த வென்டிலேட்டர் ஒன்றின் ஃபயர் டாம்பரை, அதாவது தீயின்போது காற்றுவழியை அடைக்கும் தகட்டை, மூடச் சொன்னேன். ஏபி (தேர்ந்த மாலுமி) கைப்பிடியைத் திருப்பினார். அது வழுவழுவென்று ‘மூடு’ என்ற குறி வரை திரும்பியது. பக்கத்தில் இருந்த பரிசோதனைத் துளையைத் திறந்து டார்ச் அடித்தபோது, உள்ளே தகடு அசையவே இல்லை. தண்டோடு சேரும் இடத்தில் துருவில் தின்னப்பட்டு, கைப்பிடி மட்டும் தனியே சுற்றிக்கொண்டிருந்தது. என்ஜின் அறையில் தீப்பிடித்து, கார்பன் டை ஆக்சைடைத் திறந்துவிட்டிருந்தால், அந்த வாயு முழுவதும் அந்த வழியாக வெளியேறியிருக்கும். வெளியே பெயின்ட் அடித்தவர் குறை சொல்லத்தக்கவர் அல்லர். உள்ளே பார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

எனவே பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பு, போசனோடு கப்பலை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொரு டாம்பரையும் கைப்பிடியைத் திருப்பி, உள்ளே தகடு மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். டாங்க்குகளின் ஏர் பைப் தலைகளைத் திறந்து, உள்ளே மிதவை இருக்கிறதா என்று பாருங்கள். நீர்ப்புகாக் கதவுகளின் ரப்பரிலும், கிரீஸ் போடும் முனைகளிலும், ஃபால் வயரிலும், லைஃப்ராஃப்ட்டின் நீரழுத்தக் கொக்கியிலும் தூரிகை படக் கூடாது என்று கட்டளையாகவே சொல்லுங்கள். சரக்கறையை மூடும் ஹேட்ச் கவர் 18 ஆண்டுக் கப்பலில் தனிக் கவனம் கேட்பது. ரப்பரில் நிரந்தரப் பள்ளம் விழுந்திருக்கிறதா, அதைத் தாங்கும் கோமிங் விளிம்பின் வடிகால் துளைகள் நிலக்கரித் தூளால் அடைத்துக் கிடக்கின்றனவா, மூடியைப் பிடிக்கும் கிளீட்டுகள் உண்மையில் இறுகுகின்றனவா என்று பாருங்கள். மழைக்காலத்தில் வங்கக்கடலைக் கடக்கும் கப்பலுக்கு இது பரிசோதனைக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

என்ஜின் அறை சீஃப் இன்ஜினியரின் பொறுப்பு என்பதால் இரண்டே செய்திகளைச் சொல்லிக் கடக்கிறேன். டாங்க்கின் அளவு பார்க்கும் சவுண்டிங் பைப்புகளில் உள்ள, தானாக மூடும் வால்வுகளைக் கம்பியால் கட்டித் திறந்து வைத்திருக்கும் பழக்கம் இருந்தால், இன்றே அவிழ்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பதிவேட்டில் ஸ்லட்ஜ் (எண்ணெய்க் கசடு) அளவும், டாங்க்கில் அளந்தால் வரும் அளவும், எரித்ததாக எழுதிய அளவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொய்யான எண்ணெய்ப் பதிவேட்டைக் காட்டியதற்காக அமெரிக்காவில் கப்பல் பொறியாளர்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள்.

ஓய்வு நேரப் பதிவு உங்கள் கையில் இருக்கிறது. எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வு, எந்த 7 நாளிலும் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அதில் ஒன்று 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். பார்ஜ் இரவு இரண்டு மணிக்கு வரும், டிராஃப்ட்டை வைத்துச் சரக்கைக் கணக்கிடும் டிராஃப்ட் சர்வே விடியற்காலையில் நடக்கும், இரண்டிலும் நீங்கள் நின்றிருப்பீர்கள். ஆனால் கணினியில் உள்ள தாளில் 22 முதல் 06 வரை சீஃப் ஆஃபீசர் தூங்கியதாக இருக்கும். பரிசோதகர் செய்வது மிக எளிது: சரக்குப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து உள்ள நேரத்தையும், இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். மீறல் நடந்திருந்தால் மீறல் என்றே எழுதுங்கள். ஈடாக எப்போது ஓய்வு கொடுத்தோம் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பதிவுகள்தான், இந்த ஓட்டத்துக்கு இன்னொரு அதிகாரி தேவை என்று கம்பெனியிடம் கேட்க உங்கள் கேப்டனுக்குக் கிடைக்கும் ஆதாரம். எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டும் தாளை வைத்துக்கொண்டு யாரும் கூடுதல் ஆளைக் கேட்க முடியாது.

சான்றிதழ்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. செல்லுபடியாகும் தேதி, இடைக்கால எண்டார்ஸ்மென்ட்டுகள் (உறுதிக் குறிப்புகள்), ஆட்களின் தகுதிச் சான்றிதழ்கள், கப்பலுக்குத் தரச்சான்று தரும் கிளாஸ் நிறுவனம் விதித்த நிபந்தனைகளின் கெடு ஆகியவற்றை ஒரு பிற்பகலில் பார்த்து முடித்துவிடலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வருகிறீர்கள் என்றால், அந்த ஆண்டின் சிறப்புப் பரிசோதனை இயக்கத்தின் கேள்வித்தாளை அலுவலகத்திடம் கேட்டு வாங்கி முன்கூட்டியே நிரப்பிப் பாருங்கள். ஆனால் சென்ற பரிசோதனையின் 7 குறைகளை மட்டும் மேலோட்டமாக விட்டுவிடாதீர்கள். இந்தியா உட்பட இந்தியப் பெருங்கடல் நாடுகள் 1998இல் செய்துகொண்டு 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டின்படி, ஒரு துறைமுகத்தில் எழுதப்பட்டவை மற்றத் துறைமுகங்களுக்கும் தெரியும். அந்த உடன்பாட்டின் செயலகம் கோவாவில்தான் இருக்கிறது. சென்னை வணிகக் கடல் துறையிலிருந்து வரும் சர்வேயர், கேங்வேயில் ஏறும் முன்பே அந்த 7 வரிகளைப் படித்திருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்ததாக மூடப்பட்ட குறை மறுபடியும் தலைகாட்டினால், கேள்வி அந்தப் பொருளைவிட்டு நகர்ந்து, கம்பெனியின் பாதுகாப்பு மேலாண்மை முறையே வேலை செய்கிறதா என்று மாறிவிடும். ஒவ்வொரு குறைக்கும் நேரே போய் நின்று, அது உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கிறதா என்று உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

பயிற்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உபகரணங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தும், மாலுமிகளுக்கு அவற்றை இயக்கத் தெரியாததால் தடுத்து வைக்கப்பட்ட கப்பல்கள் உண்டு. பரிசோதகர் ஒரு தீப் பயிற்சியைக் கேட்டுவிட்டு ஓரமாக நிற்பார். யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள், அணித்தலைவரின் வாக்கிடாக்கியில் பதில் வருகிறதா, மூச்சுக் கருவி அணிந்தவர் முகமூடியின் இறுக்கத்தைச் சோதித்தாரா என்பதைத்தான் கவனிப்பார். அவசரத்தில் யாருக்கு என்ன வேலை என்று சொல்லும் மஸ்டர் லிஸ்ட்டில் உள்ள பெயர்கள் இப்போது கப்பலில் இருப்பவர்களின் பெயர்கள்தானா? ஆட்கள் மாறி, நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் இந்தக் கப்பலில் சென்ற மாதப் பயிற்சியில் இல்லாதவர்களாக இருந்தால், துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்த வேண்டும் என்பதையும் பாருங்கள்.

நிலக்கரி ஏற்றும் உங்கள் கப்பலுக்கு நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவது மூடிய அறைகளில் நுழைவதற்கும் மீட்பதற்குமான பயிற்சி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அது கட்டாயம். நிலக்கரி காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்னும்; மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் அதிலிருந்து வரும். ஹோல்டு என்னும் சரக்கறைக்கு இறங்கும் ஏணி உள்ள சிறிய அறையிலும் அந்தக் காற்றே தேங்கி நிற்கும். ஒருவர் உள்ளே விழுந்ததும், அவரைத் தூக்க ஓடிய அடுத்தவரும், அவருக்குப் பின்னால் ஓடிய மூன்றாமவரும் அதே ஏணியடியில் விழுந்து இறந்த விபத்துகள் உலகக் கப்பல்களில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கின்றன. உங்கள் வாயு அளக்கும் கருவியின் அளவுத்திருத்தத் தேதியைப் பாருங்கள். அதைப் பிடித்து அளக்கத் தெரிந்தவர்கள் யார் என்று பாருங்கள். பயிற்சியின்போது, “உள்ளே உன் நண்பன் கிடக்கிறான், முதலில் என்ன செய்வாய்?” என்று இளம் மாலுமி ஒருவரைக் கேளுங்கள். ‘உள்ளே போவேன்’ என்று அவர் சொன்னால், அந்தப் பயிற்சி இன்னும் முடியவில்லை.

கேப்டனிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கடிதம் முழுவதும் அந்தத் தயக்கம் தெரிகிறது. அவர் நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பியே பேசுங்கள். மற்றவர்கள் முன்னிலையில் வேண்டாம். அவர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கையில் ஒரு பக்கத் தாளோடு பேசுங்கள். பழைய பதிவுகளை எழுதியவரைக் குற்றம் சாட்டுவதற்காக வரவில்லை, இந்தப் பொருள்கள் இன்று இந்த நிலையில் இருக்கின்றன, இவற்றைச் சரிசெய்ய இவையெல்லாம் தேவை, கரைக்கு எழுத உங்கள் அனுமதி வேண்டும் என்று சொல்லுங்கள். கப்பல்களின் பாதுகாப்பு மேலாண்மைக்கான பன்னாட்டு ஐஎஸ்எம் விதிமுறையின்படி, கம்பெனியின் உச்ச நிர்வாகத்தை நேரடியாக அணுகக்கூடிய ஒரு பொறுப்பாளர், நாம் டிபிஏ என்று சொல்பவர், கரையில் இருக்கிறார். 1987இல் பெல்ஜியத்தின் ஸீப்ருகா துறைமுகத்துக்கு வெளியே, முன்கதவு திறந்தபடியே புறப்பட்ட பயணிகள் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கப்பலில் இருப்பவர்களின் குரல் கரையில் உள்ளவர்களின் காதுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் அந்த விபத்துக்குப் பிறகுதான் விதியாக உருவெடுத்தது. கேப்டன் டிபிஏவுக்கு எழுதினால் நல்லது. எழுத மறுத்தால் நீங்களே எழுதலாம்; அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பம்ப் எண்ணூர் வரும் வரை சரியாகவில்லை என்றால் மறைக்காதீர்கள். கப்பல் பதிவான கொடி நாட்டுக்கும் கிளாஸுக்கும் முன்பே தெரிவித்து, உதிரிபாகம் எந்தத் தேதியில் சென்னைக்கு வருகிறது, அதுவரை மாற்று ஏற்பாடு என்ன என்பதை எழுத்தில் பெற்று, துறைமுகத்துக்குள் நுழையும் முன்பு ஏஜென்ட் மூலம் அதிகாரிகளிடம் சேர்த்துவிடுங்கள். பயணத்தில் தற்செயலாக ஏற்பட்ட சேதத்தை இப்படி முன்கூட்டித் தெரிவித்து, தகுந்த நடவடிக்கையும் எடுத்திருந்தால், அந்தக் காரணத்துக்காகக் கப்பலைத் தடுத்து வைப்பதில்லை என்பது பன்னாட்டு நடைமுறை. மாதக்கணக்கில் தெரிந்திருந்த பழுதுக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், தானே வந்து சொன்ன கப்பலுக்கும், பிடிபட்ட கப்பலுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் சர்வேயரும் அறிவார்.

பரிசோதனை நாளில், கேங்வே வாட்ச்சில் இருப்பவர் வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு செய்யட்டும்; மரியாதைக்காக அதைத் தவிர்த்தால் அங்கேயே முதல் குறை எழுதப்படும். கூடவே ஒரு நல்ல அதிகாரியை அனுப்புங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும். சிறிய குறையை அவர் இறங்கும் முன்பே சரிசெய்து காட்டினால், அறிக்கையில் சரிசெய்யப்பட்டது என்ற 10ஆம் குறியீட்டோடு அது முடிந்துவிடும். 16 என்றால் 14 நாள் அவகாசம், 17 என்றால் புறப்படும் முன்பு சரிசெய்ய வேண்டும், 30 என்றால் கப்பல் தடுத்து வைக்கப்படுகிறது. காற்றும் அலையும் ஒத்துவராத நேரத்தில் படகை இறக்கச் சொன்னால், அதன் ஆபத்தைப் பணிவாக எடுத்துச் சொல்லும் உரிமை கேப்டனுக்கு உண்டு. கப்பலுக்கோ ஆட்களுக்கோ ஆபத்து உண்டாக்கும் சோதனையைப் பரிசோதகர் கேட்கக் கூடாது என்பதும் நடைமுறையில் இருக்கிறது. தடுத்து வைக்கும் முடிவு தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அது நடக்கும்போது தடை விலகாது.

நாளைக் காலையில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு படகிலும் ஏறி, ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக எஞ்சினைக் கிளப்பிப் பாருங்கள். தேர்ட் ஆஃபீசரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கையாலேயே பித்தானை அழுத்தச் சொல்லுங்கள். இந்தோனேசியாவில் படகு தண்ணீரைத் தொட்ட நேரம், கொக்கி மறுபடி பூட்டிய நேரம், உள்ளே இருந்தவர்களின் பெயர்கள், காற்றின் நிலை ஆகிய நான்கையும் அன்றைய தேதியில் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். அதற்கு மேலே உள்ள இரண்டு பழைய பதிவுகளைப் பற்றிப் பரிசோதகர் கேட்டால், நீங்கள் சேர்ந்த தேதியையும், டிபிஏவுக்குப் போன கடிதத்தின் நகலையும் அவர் முன் வையுங்கள்.